வேடம் போட்டு ஓடினால் என்ன?

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில், ஆண்டுதோறும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பூரான்கள் ஓடுகின்றன. சுவரோரமாக ஊர்ந்து மறையும் பூரான்கள் அல்ல. நட்டநடுச் சாலையில், இருபுறமும் மக்கள் கூடி நின்று கைதட்ட, 12 கிலோமீட்டர் தூரத்தை ஓடிக் கடக்கும் பூரான்கள். ஒவ்வொன்றுக்கும் 26 கால்கள். 13 பேர் ஒருவர்பின் ஒருவராகத் தம்மைப் பிணைத்துக்கொண்டு ஒரே உடலாக ஓடுவதுதான் அந்தப் பூரான். 1978-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஓட்டக்காரர்கள் சிலர் விளையாட்டாகத் தொடங்கியது இது. பின்னர் பூரான்களுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு ஏற்பட்டுவிட்டது!

மாணவ நண்பர்களே, இந்தப் பூரானில் ஓர் உயிரியல் நயம் ஒளிந்திருக்கிறது. பூரானின் ஆங்கிலப் பெயருக்கு ‘நூறு காலி’ என்பது பொருள். ஆனால் சரியாக நூறு கால்களுடன் வளர்ந்த பூரான் எதுவும் இல்லை. கால்களைச் சோடி சோடியாக எண்ணிப் பார்த்தால், இனத்துக்கு இனம் 15 சோடியிலிருந்து 191 சோடி வரை இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். நூறு கால்கள் வேண்டுமானால் 50 சோடி வேண்டும். 50 இரட்டைப்படை அல்லவா? ஆகவே அது கிடையாது. 13 என்பது ஒற்றைப்படை. ஓடுகிறவர்கள் இதை நினைத்துத்தான் 13 என்று வைத்தார்களோ, தற்செயலோ, ஸான்பிரான்ஸிஸ்கோ பூரான் அந்த விதிக்கு உட்பட்டே ஓடுகிறது. இரண்டு சோடி குறைவு, அவ்வளவுதான்.

அதே ஓட்டத்தில் இன்னொரு கூட்டம் ஸால்மன் மீன் வேடம் அணிந்து வரும். ஸால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து நீந்திப் பிறந்த இடத்துக்கே திரும்பும் மீன். இந்த மனித ஸால்மன்களும் அப்படியே! ஆயிரக்கணக்கானோர் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டை நோக்கி வெள்ளமாக வந்துகொண்டிருக்க, இவர்கள் மட்டும் முடிவுக் கோட்டிலிருந்து கிளம்பி, எதிர்த்திசையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவார்கள். ஒரு மீனின் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிட முடியுமா?

“பெரியவர்களுக்கு வேறு வேலை இல்லையா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வேடமணிந்து ஓடுவது வேலையற்ற வேலை அல்ல என்பது என் கட்சி. நம் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒரு நாளாவது இப்படி ஓட வேண்டும் என்பதும் என் கட்சி. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த ஓட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள்.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் ஸான்பிரான்ஸிஸ்கோவைப் பூகம்பம் குலுக்கியது. அதைத் தொடர்ந்து தீ. நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. சுமார் 3,000 பேர் மாண்டனர். மீண்டும் நகரைக் கட்டி எழுப்பிக் கொண்டிருந்த மக்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு 1912-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நகரின் ஒரு பக்கத்து விரிகுடாவிலிருந்து மறுபக்கத்துப் பெருங்கடல் வரை ஓர் ஓட்டம் நடத்தினார்கள். அதுதான் இன்று ‘விரிகுடாவிலிருந்து அலைகள் வரை’ என்று பொருள்படும் பெயரோடு நடந்துவருகிறது. 1986-ஆம் ஆண்டில் அதில் கலந்துகொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இந்த ஓட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1940. அந்த ஆண்டு ஒருவர் ‘கேப்டன் கிட்’ என்ற பழைய கடற்கொள்ளைக்காரனைப் போல வேடமணிந்து ஓட வந்தார். ஓடி முடித்தார், கடைசியாக வந்தார். அதே ஆண்டு அதே ஓட்டத்தில் இன்னொரு வேடமும் இருந்தது. அதை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது வேடம் என்று தெரிந்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பாபி பர்க் என்ற பெண்மணி ஆண் வேடத்தில் ஓடினார். அக்காலத்தில் பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1971-ஆம் ஆண்டில்தான் அவர்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள்.

ஒருவர் எல்லோரும் தம்மைப் பார்க்க வேண்டும் என்று வேடம் போட்டார். மற்றவர் யாரும் தம்மை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று வேடம் போட்டார். இருவரும் ஒரே சாலையில் ஓடினார்கள். இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பேர் ஓடுவார்கள். மூவருக்குப் பரிசு. எட்டாவதாக வருகிறவனுக்கு? பார்வையாளர் வரிசையிலிருந்து சிரிப்பு. இதற்குப் பயந்தே ஆறாம் வகுப்போடு ஓடுவதை நிறுத்திவிட்ட பையன்கள் எத்தனை பேர்! ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின் மைதானத்தின் பக்கமே வராத பெண்கள் எத்தனை பேர்! மைதானம் என்பது வேகமாக ஓடுகிற பத்துப் பேருக்கு மட்டுமே சொந்தம் என்று மற்றவர்கள் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். இதில் நட்டப்படுவது அவர்களுடைய இதயமும் நுரையீரலும்தான்.

கடற்கொள்ளைக்காரன் கடைசியாக வந்தான் என்றேனே, அவனைப் பார்த்து மக்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் கேட்டு வாங்கிய சிரிப்பு. பயந்து ஒதுங்கியவனைக்கூட அது மைதானத்துக்கு இழுத்து வரும். முன்வரிசையில் மெய்யான வீரர்கள் ஓடுவதை இது கெடுத்துவிடவும் இல்லை. அதே 12 கிலோமீட்டரை 34 நிமிடத்துக்குள் ஓடி முடித்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பின்னால் பூரானும் மீனும் கரடியும் வந்தால் அவர்களுக்கு என்ன நட்டம்?

இங்கிலாந்தில் ஓல்னி என்று ஒரு சிற்றூர். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாளில் அவ்வூர்ப் பெண்கள் இடுப்பில் சமையல் மேலங்கி, தலையில் துணிக்கட்டு, கையில் வாணலி, வாணலியில் தோசை போன்ற பணியாரம் ஆகியவற்றோடு தெருவில் ஓடுவார்கள். தூரம் 415 கெஜம், அதாவது சுமார் 380 மீட்டர். 1445-ஆம் ஆண்டில் ஒரு பெண் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கோயில் மணி அடித்துவிட, வாணலியோடு ஓடினாள் என்பது ஊர்க் கதை. 1950-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்து லிபரல் என்ற ஊர்ப் பெண்களும் அதே நாளில் அதே தூரத்தை ஓடி, எந்த ஊருக்கு வேகம் அதிகம் என்று கடல் கடந்து கணக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். சமையல் உடைதான் அங்கே வேடம்!

வேடம் புனைந்து ஊர் சுற்றுவது நமக்கும் புதிதல்ல. குலசேகரன்பட்டினத்துத் தசரா விழாவில் நேர்த்திக்கடனுக்காக எத்தனை காளிகள், எத்தனை ராஜாக்கள், எத்தனை குரங்குகள்! அது பக்தி, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நான் சொல்ல வந்தது அறிவியலுக்கென்று உள்ள விசித்திரமான பண்டிகை ஒன்றைப் பற்றி. அதுவும் அதே ஸான்பிரான்ஸிஸ்கோவில் பிறந்ததுதான்.

அங்கே ‘எக்ஸ்ப்ளோரடோரியம்’ என்ற அறிவியல் காட்சியகம் இருக்கிறது. அதில் பணிபுரிந்த லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988-ஆம் ஆண்டில் ஒரு குறும்பு செய்தார். அமெரிக்கர்கள் தேதி எழுதும்போது மாதத்தை முதலிலும் நாளைப் பின்னாலும் எழுதுவார்கள். ஆகவே மார்ச் 14 என்பது 3/14. இதைப் பார்த்தவுடன் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் ‘பை’தானே? அன்றைய தினத்தைப் பை தினம் என்று கொண்டாடிவிட்டார். சக ஊழியர்களும் பொதுமக்களும் காட்சியகத்துக்குள் வட்டமாக ஊர்வலம் வந்தார்கள். பிறகு பழப் பணியாரம் தின்றார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பணியாரத்தின் பெயரும் ‘பை’ என்றே ஒலிக்கும். 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை இந்நாளை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மார்ச் 14-ஐ உலகக் கணித தினம் என்று அறிவித்தது. ஒரு குறும்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது பாருங்கள்!

இன்று அந்நாளில் பல ஊர்களில் 3.14 மைல், 3.14 கிலோமீட்டர் என்று ஓடுகிறார்கள். சட்டையில் பை எழுத்து, தலையில் பணியாரம் போன்ற தொப்பி. இதேபோல வேதியியல்காரர்களுக்கு அக்டோபர் 23 ‘மோல் தினம்’. ஒரு மோல் பொருளில் சுமார் 6.02 × 10²³ துகள்கள் உண்டு என்று படித்திருப்பீர்கள். 10-ஆம் மாதம் 23-ஆம் நாள் எதற்கென்று புரிகிறதல்லவா?

நம் பள்ளிகளுக்கு மார்ச் 14 பொருந்தாது என்பேன். மார்ச் மாதம் தேர்வுக் காலம். தவிர, நாம் தேதியில் நாளை முன்னால் எழுதுகிறோம். 14/3 என்பதில் பை எங்கே இருக்கிறது? ஆனால் ஜூலை 22-ஐ எழுதிப் பாருங்கள். 22/7! நீங்கள் ஏழாம் எட்டாம் வகுப்பிலிருந்து பழகிய பின்னம். ஆர்க்கிமிடீஸ் பையின் மதிப்பு 22/7-ஐ விடச் சற்றுக் குறைவு என்று நிறுவியவர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 3.14-ஐவிட 22/7-தான் பையின் உண்மை மதிப்புக்கு அருகில் இருக்கிறது. உண்மை மதிப்பு 3.14159... என்று போகும். 3.14 அதைவிட 0.00159 குறைவு, 22/7 அதைவிட 0.00126 அதிகம். ஆகவே நம்முடைய தேதிதான் அவர்களுடையதைவிடச் சரியான தேதி. (ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே 62832/20000, அதாவது 3.1416 என்று சொல்லிவிட்டார். அதற்கேற்ற தேதி எந்த நாட்காட்டியிலும் இல்லை, என்ன செய்வது!) இங்கே பணியாரத்துக்கும் தட்டுப்பாடு இல்லை. அது கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு மஞ்சள் பை. தமிழில் அந்தச் சிலேடை இலவசமாகவே கிடைக்கிறது.

வட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 400 மீட்டர் ஓடுபாதை பையை வைத்தே போடப்படுகிறது. தரமான பாதையில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள், உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். ஓடுகிறவர் விளிம்பின்மேல் ஓட மாட்டார் அல்லவா? ஆகவே 30 சென்டிமீட்டர் தள்ளி, 36.80 மீட்டர் ஆரத்தில் தூரத்தை அளக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: வளைவுகள் 2 × பை × 36.80 = 231.22 மீட்டர். நேர்ப்பகுதிகள் 168.78 மீட்டர். கூட்டினால் 400. இதே கணக்கை 22/7 வைத்துப் போட்டால் பாதை 9 சென்டிமீட்டர் நீண்டுவிடும், 3.14 வைத்துப் போட்டால் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் குறைந்துவிடும். ஒரு நெஞ்சு முந்துவதில் தங்கப் பதக்கம் கை மாறுகிற பந்தயத்தில் இது சிறிய தூரமா?

வளைவில் வெளிப்பாதைக்காரரை ஏன் முன்னால் தள்ளி நிறுத்துகிறார்கள் என்பதும் இதே கணக்குத்தான். பாதையின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் பாதையில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பது வழக்கம். எனவே இரு பாதைகளின் ஆரங்களுக்கும் வித்தியாசம் 1.12 மீட்டர். 2 × பை × 1.12 = 7.04 மீட்டர். உங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சுண்ணாம்புத் தூளோடும் நாடாவோடும் குனிந்து குனிந்து அளப்பது இந்த 7.04 மீட்டரைத்தான். அன்றைக்குக் கணக்கு ஆசிரியரும் மைதானத்துக்கு வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, நிபந்தனைகளுக்கு வருவோம். முதலாவது வெப்பம். இதில் விளையாட்டே கூடாது.

உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுசெல்ல ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 3.14 கிலோமீட்டர் ஓடினால் 157 கிலோகலோரி. நம் தசைகள் ஒன்றும் சிறந்த எந்திரங்கள் அல்ல. செலவழித்த ஆற்றலில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே வெளிப்படும். ஆகவே உடம்புக்குள் சுமார் 125 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது. உடம்பின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற 0.83 கிலோகலோரி போதும். 50 கிலோவுக்கு 41.5. இப்போது 125-ஐ 41.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 3 டிகிரி! வெப்பம் வெளியேறவே வழியில்லாவிட்டால், 37 டிகிரியில் கிளம்பியவர் 40 டிகிரியில் வந்து நிற்பார். அது கடுங்காய்ச்சல் அளவு.

நல்ல வேளையாக நமக்கு வியர்வை இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 125 கிலோகலோரியைப் போக்க ஒரு தம்ளர் வியர்வை, அதாவது 215 மில்லிலிட்டர் போதும். ஆனால் ‘ஆவியாகும்போது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சொட்டி விழுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மாறுவேடப் போட்டிக்கு நாம் எதை எடுக்கிறோம்? தெர்மகோல், ரெக்ஸின், ஜிகினாத்தாள், ரப்பர் முகமூடி. தெர்மகோலில் பெரும்பகுதி சிறைப்பட்ட காற்றுதான். ஐஸ் பெட்டி செய்வதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். குளிரை உள்ளே காப்பது வெப்பத்தையும் உள்ளே காக்காதா? ரெக்ஸினும் ரப்பரும் நீராவியை வெளியே விடா. உள்ளே வியர்வை ஆறாக ஓடும்; ஆனால் ஆவியாகாது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் வெறும் சட்டையில்கூட வியர்வை உலரத் தாமதமாகும்.

பனிபெய்யும் நாட்டில் டிசம்பர் மாதத்தில் கம்பளிச் சட்டையும் பஞ்சு தாடியுமாகச் சாண்டா கிளாஸ் வேடத்தில் ஓடுகிறவருக்கு அந்த வேடமே போர்வை. அதே வேடத்தை அப்படியே நகல் எடுத்துச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓடுகிறவருக்கு அது அடுப்பு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. நம் ஓட்டத்தின் வேடம் பருத்தித் துணியில் இருக்க வேண்டும். முகம் திறந்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு ஓடி முடித்துவிட வேண்டும். வழியில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களும் மூச்சிழுப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஓடக் கூடாது. ஓடும்போது யாருக்காவது தலை சுற்றினாலோ குமட்டினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், வேடத்தைக் கழற்றி, உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறிவிட்டு, மருத்துவரை அழைக்க வேண்டும்.

காற்றும் சும்மா இருக்காது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள அட்டையை மார்பில் கட்டிக்கொண்டு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால், சுமார் 600 கிராம் எடையுள்ள பொருள் பின்னால் இழுப்பது போன்ற விசை இருக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது நான்கு மடங்காகும். சிறிய அட்டை போதும். காலில் எதையும் கட்டாதீர்கள். காலில் சேர்க்கும் எடை முதுகில் சேர்க்கும் எடையைவிட அதிகம் களைப்பூட்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே சிரமத்தை விரும்பி ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள். லண்டன் மராத்தானில் காண்டாமிருகப் பாதுகாப்புக்கு நிதி திரட்டுவதற்காகச் சுமார் 10 கிலோ எடையுள்ள காண்டாமிருக உருவத்துக்குள் புகுந்து 42 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். லாய்ட் ஸ்காட் என்பவர் முன்னாள் தீயணைப்பு வீரர், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 2002-ஆம் ஆண்டில் 50 கிலோ அளவில் எடையுள்ள பழங்கால ஆழ்கடல் மூழ்குவோர் உடையை அணிந்து அதே தூரத்தைக் கடந்தார். ஓடவில்லை, நடந்தார். ஐந்து நாட்களுக்கும் மேல் ஆயிற்று. அவர் வாங்கிய கைதட்டல் அந்த ஆண்டு முதலில் வந்தவருக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததல்ல என்பது என் ஊகம். அவருக்கு வணக்கம், ஆனால் பதினைந்து வயதில் நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டாவது நிபந்தனை யாரைப் போல வேடம் போடுவது என்பது.

2019-ஆம் ஆண்டு லண்டன் மராத்தானில் ஒரு செவிலியர், மருத்துவமனையில் தாம் அன்றாடம் அணியும் சட்டையும் கால்சட்டையுமாக ஓடினார். செவிலியர் உடையில் மிக வேகமாக ஓடிய பெண் என்ற சாதனை அவருடைய நோக்கம். 3 மணி 8 நிமிடத்தில் ஓடி முடித்து முந்தைய சாதனையை முறியடித்தும்விட்டார். ஆனால் கின்னஸ் நிறுவனம் முதலில் ஏற்க மறுத்தது. ஏன் தெரியுமா? அவர்கள் விதிப்படி செவிலியர் என்றால் கவுன், முன்றானை, வெள்ளைத் தொப்பி அணிந்திருக்க வேண்டுமாம்! மெய்யான செவிலியர் மெய்யான உடையில் வந்து நிற்கிறார். “நீங்கள் செவிலியர் போல இல்லை” என்கிறார்கள். பலரும் கண்டித்தபின் கின்னஸ் நிறுவனம் வருத்தம் தெரிவித்துச் சாதனையை ஏற்றுக்கொண்டது.

நம் மாறுவேடப் போட்டிகளிலும் இது நடக்கிறது. விஞ்ஞானி என்றால் நரைத்த தலை, பறக்கும் முடி, மூக்குக்கண்ணாடி. விஞ்ஞானி வேடத்துக்கு ஒரு பெண் புடவையோடு வந்து நின்றால் நடுவர் “நீ யார் வேடம்?” என்று கேட்பார். இதைவிட மோசமானதும் உண்டு. பிச்சைக்காரர், மனநோயாளி, கால் ஊனமுற்றவர், ஏதோ ஒரு சமூகத்தார் என்று வேடம் போட்டுக் கைதட்டல் வாங்குவது. அந்தச் சமூகத்துப் பிள்ளை அதே வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கடற்கொள்ளைக்காரன் வாங்கிய சிரிப்பு அவன்மேல் அவனே வரவழைத்துக்கொண்டது. இங்கே சிரிப்பு போய் விழுவது வேடம் போடாத ஒருவர் மேல். வட்டமாக வாருங்கள், வைரஸாக வாருங்கள், சனிக்கோளாகவும் அதன் வளையமாகவும் நால்வர் சேர்ந்து வாருங்கள். பூரானாக வந்தால் பூரான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

“படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு? நேரம் வீண்” என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. 22/7 கொண்டாட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில் வடிவகணிதம், வெப்பவியல், உயிரியல் மூன்றும் வியர்வையோடு சேர்ந்து உள்ளே இறங்கும். “இது ஒழுங்கைக் கெடுக்கும்” என்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோ ஓட்டத்திலும் குடியும் குப்பையும் பெருகி, 2009-ஆம் ஆண்டில் மதுவுக்குத் தடை என்று அமைப்பாளர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று. உற்சாகத்துக்குக் கரை வேண்டும்தான். அந்தக் கரையைப் போட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவர் மன்றம் இருக்கிறது. கரை உடையும் என்று பயந்து ஆறே வேண்டாம் என்று சொல்லலாமா?

செலவு? ஒன்றுமில்லை. பழைய வெள்ளைத் துணியில் ஒரு முழம், நீலமோ காவிக்கல்லோ கரைத்த சாயம், நான்கு ஊக்கு. ஒவ்வொருவர் மார்பிலும் பையின் ஓர் இலக்கம். முதலில் நிற்பவருக்கு 3. அடுத்தவருக்கு 1. பிறகு 4, 1, 5, 9, 2, 6, 5, 3, 5... இந்த வரிசை குலையாமல் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடிவர வேண்டும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. முந்தினால் பையின் மதிப்பே மாறிவிடும்! ஆகவே வேகமாக ஓடுகிறவர்கள் மெதுவாக ஓடுகிறவர்களுக்காகக் கால்களை அடக்கிக்கொள்ள வேண்டும். 13 கால் சோடிகளும் ஒரே தாளத்தில் விழுந்தால்தானே பூரான் ஓடும்?

இலக்கங்களைப் பங்கிடும்போது ஒரு தகராறு வரலாம். பூஜ்யத்தை யார் கட்டிக்கொள்வது? கவலை வேண்டாம். பையில் பூஜ்யம் முதன்முதலாக வருவது புள்ளிக்குப் பின் 32-ஆவது இடத்தில்தான். முன்னால் நிற்கும் 3-ஐயும் சேர்த்து எண்ணினால், வரிசையில் 33-ஆவதாக நிற்பவருக்குத்தான் பூஜ்யம் கிடைக்கும். உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?